ஆறு கார்டுகளும் என் சிவப்புப் பென்சிலும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. திதிக்கு வருகிற உறவினர்களுக்கும், அக்காவிடம் படித்தவர்களுக்கும் கொடுக்க ஒரு சிறு மலர் போடலாம் என்று வீட்டில் தீர்மானமானதும், எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. "கூடப் பிறந்தவர் நீங்கதானே, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்கள். தெரிந்திருப்பதுதான் தொல்லை.

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பிறந்தார், படித்தார், மணந்தார், பொறுத்தார், மறைந்தார் என்று வரிசையாக வந்தது. எல்லாம் நிஜந்தான். ஆனால் யாருடைய அக்காவுக்கும் அது பொருந்தும். மூன்று தடவையும் பேனா ஒரே இடத்தில் நின்றது. என் மேஜையின் கீழ் டிராயரில் ஒரு கம்பியில் குத்தி வைத்த தபால் கார்டுகள் இருக்கின்றன. பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக அந்த டிராயரைப் பூட்டி, சாவியைப் பூணூலில் கோத்துக்கொண்டு அலைகிறேன். உள்ளே ஏதோ நகை இருப்பதாக என் மனைவிக்குச் சந்தேகம்.

அந்தக் கார்டுகளில் ஆறைப் பற்றிச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது. சொன்னால் சில பேர் என்னோடு பேசாமல் போகலாம். அதில் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். போகட்டும், எழுதிவிடுகிறேன்.

அக்கா உறையூரில் பிறந்தார். எனக்கு நாலு வயது மூத்தவர். நேரில் நான் அவரை "நீ, வா, போ" என்றுதான் பேசிப் பழக்கம். அச்சுக்காக 'ஆர்' போட்டு எழுதும்போது யாரோ அசலாரைப் பற்றி எழுதுகிறாற்போல் இருக்கிறது. அக்கா பார்த்தால், "என்னடா, திடீர்னு மரியாதையெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டிருப்பார்.

எங்கள் அப்பா கோர்ட்டு வாசலில் பத்திரம் எழுதுகிறவர். ஓர் எழுத்து பிசகினால் ஒருத்தன் நிலம் இன்னொருத்தனுக்குப் போய்விடும் என்று பயந்து பயந்தே ஆயுசு பூராவும் எழுதினார். அந்தப் பயத்தைத்தான் எங்கள் இருவருக்கும் விட்டுப் போனார். எங்கள் வீட்டில் ஒரு காகிதம் கைக்கு வந்தால் முதலில் பிழை தேடுவோம். கல்யாணப் பத்திரிகை வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு தப்புக் கண்டுபிடிப்போம். கல்யாணம் யாருக்கு என்று அம்மா கேட்ட பிறகுதான் மேலே திருப்பிப் பார்ப்போம். அதை ஒரு பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம்.

அக்கா பள்ளி இறுதி வகுப்பு வரைக்கும் படித்தார். இங்கிலீஷில் அவர்தான் கெட்டி, நான் மொண்ணை. வாத்தியார் வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா காலமானதும் ஆசையை மடித்து வைத்துவிட்டுக் கழுத்தை நீட்டினார். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் புக்ககம். அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேருக்கு வடக்கே நாகபுரியில் உத்தியோகம். குடியிருக்க ஜாகை கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை மாமனார், மாமியாரோடு இருக்க வேண்டியது. ஜாகை கிடைக்கிற வழியாக இல்லை. நடுவில் அத்திம்பேர் லீவில் வந்து போனார், கோதை பிறந்தாள்.

அக்காவின் மாமனாரைப் பெரியவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். ஒழுங்கான மனுஷர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிற கடிதமானாலும், வெளியே போகிற கடிதமானாலும் அவர் கூடத்தில் உட்கார்ந்து எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் உரியவர் கைக்குப் போகும். அம்மா ஒரு தடவை அக்காவுக்கு, "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதிவிட்டார். பெரியவர் படித்து முடித்து, "ஏன், இங்கே யாரும் பார்த்துக்கலையாமா?" என்று மெதுவாகக் கேட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்தாராம். அதற்கப்புறம் அம்மா க்ஷேமம், க்ஷேமத்துக்குப் பதில் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவருடைய மூத்த பெண் சின்ன வயதில் காய்ச்சலோடு திருச்சிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன வந்தாலும் கைமருந்துதான். வைத்தியத்துக்காகக் காவிரிப் பாலம் தாண்டக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கண்டோன்மென்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். மானேஜர் இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஆறு மாசத்துக்குள் பேச வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று சொல்லிவிட்டார். சித்திரையில் ஸ்ரீரங்கம் போனபோது இதை அக்காவிடம் சொல்லி மூக்கால் அழுதேன்.

"தினம் அஞ்சு வார்த்தை," என்றார் அக்கா. "அதுக்கு மேல வேண்டாம், நீ தாங்க மாட்டே. அஞ்சு வார்த்தை நீ அனுப்பு. அதை வெச்சு அஞ்சு வாக்கியம் நான் எழுதறேன். அகராதிய வெச்சுண்டு நீ திருத்து. திருத்தறவனுக்குத்தான் பாடம் மண்டையில ஏறும்."

அப்போது பதில் கார்டு என்று ஒன்று தபாலாபீஸில் விற்பார்கள். இரண்டு கார்டு ஒட்டினாற்போல் வரும். ஒன்றில் நாம் எழுதி அனுப்பினால், மற்றதைக் கிழித்து எடுத்து அவர்கள் பதில் எழுதிப் போடலாம். அதைத்தான் வாங்கினேன், பதில் என் ஆபீஸ் விலாசத்துக்கு வரும். நாகபுரி போனால் இங்கிலீஷ் உதவும் என்பதால் பெரியவரும் ஒப்புக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டு ஐந்து வரி இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்ப்பார்.

ஒரு விதி நான் போட்டேன். "நடந்ததை எழுதாதே. சாப்பிட்டேன், தூங்கினேன்னு எழுதினா நாலு நாள்ல தீந்துபோயிடும். கற்பனை பண்ணி எழுது." இந்த விதியை அக்கா போட்டதாக எழுதிவிடலாமா என்று இப்போது ஒரு நிமிஷம் கை சபலப்பட்டது. நான் போட்டதுதான்.

முதல் மூன்று மாசம் சிரிப்புக்குக் குறைவில்லை. தையற்காரர் சட்டையைத் தைத்துவிட்டுத் தன் மனைவியின் வாயைத் தைக்க மறந்துவிட்டார் என்று எழுதுவார். என் தம்பியைவிட யானை வேகமாக இங்கிலீஷ் பேசும் என்று எழுதுவார். சிவப்புப் பென்சிலால் திருத்திப் பத்துக்கு ஏழு, எட்டு என்று மார்க் போடுவேன். மறுநாள் வார்த்தைகளோடு மார்க்கும் போகும். எனக்கும் பேச்சு வர ஆரம்பித்தது. மானேஜர் கேட்ட கேள்விக்கு ஒரு நாள் நின்று நிதானமாகப் பதில் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பார், "அக்கா என்ன எழுதியிருக்கா?" நான் சொல்வேன், "எட்டு மார்க் வாங்கியிருக்கா." அம்மாவுக்கு அது போதும். "சமத்து," என்பார்.

ஆடி பிறந்தது. காவிரியில் தண்ணீர் கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு வரிசையோடு வருவதாகப் பெரியவரிடம் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் வெறுங்கையோடு பெண் கொடுத்த வீட்டில் போய் நிற்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இந்த நாட்களில்தான் அந்த ஆறு கார்டுகளும் வந்தன.

முதல் கார்டுக்கு நான் அனுப்பிய வார்த்தைகள் விளக்கு, பஞ்சு, சிவப்பு, அயலார், பொறுமை. எல்லாம் இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். வந்த வாக்கியங்களில் மூன்று ஞாபகமாக இருக்கின்றன. குழந்தையின் இடது கண் சிவப்பாக இருக்கிறது. பஞ்சால் துடைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. விளக்கைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒன்பது மார்க் போட்டேன்.

கோதைக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் நினைப்பே உனக்கு வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. வீட்டில் குழந்தை இருக்கிறவள் குழந்தையை வைத்துக் கற்பனை பண்ணுகிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

இரண்டாவது கார்டில், பச்சிலைச் சாறு பச்சையாக இருக்கிறது, ஆனால் கருவிழி வெள்ளையாகிறது என்று இருந்தது. குடை இல்லாவிட்டாலும் ஒருவர் மழையில் வரலாம் என்று இருந்தது. ஓர் எழுத்துப்பிழைக்காகவும் ஒரு விட்டுப்போன புள்ளிக்காகவும் இரண்டு மார்க் குறைத்தேன்.

மூன்றாவது கார்டுக்கு ராஜா, பாலம், தம்பி, மருந்து, நேர்மை என்று அனுப்பியிருந்தேன். ஒரு ராஜாவின் பெண்ணுக்குக் கண்வலி. பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல மருந்து இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு அங்கே ஒரு தம்பி இருந்தான். இப்படியே போயிற்று ஐந்து வரியும். மறுநாள் கார்டில் நான் எழுதிய குறிப்பு எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "கதை நன்றாக வளர்கிறது. முடிவு என்ன?"

நாலாவது கார்டில் பதில் வந்தது. குழந்தை இப்போது அழுவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்புவதும் இல்லை. அமைதியாக இருக்கிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு அம்மாவுக்குத் தெரியாது. ஒன்பது மார்க்.

ஐந்தாவது கார்டில் மை கொட்டியிருந்தது. எழுத்து கோணல்மாணலாக இறங்கிக்கொண்டே போயிற்று. என்ன எழுதியிருந்தது என்று நான் கவனிக்கவே இல்லை. "கையெழுத்தில் சிரத்தை குறைகிறது" என்று எழுதி ஆறு போட்டேன். அப்பா உயிரோடிருந்தால் நாலுதான் போட்டிருப்பார் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல் கேட்டபோது, "இன்னிக்குக் கொஞ்சம் கம்மி," என்றேன். "குழந்தைய வெச்சுண்டு எழுதறாளோல்லியோ," என்றார் அம்மா.

ஆறாவது கார்டு. மழை, அம்மா, நாளை, கூடை, மணி. ஐந்து வார்த்தை, ஐந்து வரி. மழை விடக் காத்திராமல் வா. அம்மாவோடு வா. நாளைக்கு வராதே, இன்றைக்கு வா. கூடையும் தட்டும் வேண்டாம், வெறுங்கையோடு வா. கோயில் மணி அடிப்பதற்குள் வா.

ஐந்து வரியையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறாரே என்று எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பிழை ஒன்றும் இல்லை. முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து போட்டேன். போட்டதோடு நிற்காமல், நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று கார்டை எடுத்துக்கொண்டு இடத்தை விட்டு எழுந்தேன். அந்த வீண் பெருமை மட்டும் எனக்கு இல்லாமல் இருந்திருந்தால் கோதை இன்று இருப்பாளோ இல்லையோ.

எங்கள் ஆபீஸில் டெய்சியம்மா என்று ஒரு டைப்பிஸ்ட். ஆங்கிலோ இந்தியர். பொன்மலைப் பக்கம் வீடு. இங்கிலீஷ் அவருக்கு வீட்டுப் பாஷை. அவரிடம் போய்க் கார்டை நீட்டினேன். "என் சிஸ்டர் எழுதினதுங்க. புருஷன் ஊருக்குப் போகறதுக்காக வீட்டிலேயே படிக்கறாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். பாராட்டு வரும் என்று நின்றேன். அவர் கார்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார்.

"நீங்க போகலையா?" என்றார்.

"எங்கங்க?"

"வரச் சொல்லியிருக்காங்களே."

"ஐயோ, இது சும்மா பயிற்சிங்க. நான் வார்த்தை குடுப்பேன், அவங்க கற்பனையா வாக்கியம் எழுதுவாங்க," என்று சிரித்தேன்.

"மத்த கார்டெல்லாம் எங்க?"

அப்போது கம்பி ஆபீஸ் டிராயரில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கடைசி ஐந்தையும் உருவி, கையிலிருந்ததோடு சேர்த்து டைப் மெஷின் மேல் தேதிவாரியாக அடுக்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கை கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டது.

"மிஸ்டர், கதை எழுதறவங்க ஆறு நாளும் அதே கண்ணையா எழுதுவாங்க?" என்றார். "நீங்க இதைப் படிச்சீங்களா, இல்ல திருத்தினீங்களா?"

மானேஜரிடம் நான் போகவில்லை, டெய்சியம்மாதான் போனார். அவர் என்ன சொன்னாரோ, மானேஜர் வெளியே வந்து என்னைப் பார்த்து, "போ, போ," என்று தமிழில் சொன்னார். அவர் தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

அம்மாவைக் கூப்பிடப் போனால் நேரமாகும் என்று நேரே பஸ் ஏறினேன். மழை. பாலத்தில் மாட்டுவண்டிகள் மறித்துக்கொண்டு பஸ் நின்று நின்று போயிற்று. கீழே செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஒரு முழு வாழைமரம் வேரோடு போயிற்று. எனக்கு அந்த ஐந்தாவது கார்டில் என்ன எழுதியிருந்தது என்று ஞாபகம் வரவே இல்லை. மார்க் மட்டும் ஞாபகம் இருந்தது.

கூடத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். "வாங்கோ, உட்காருங்கோ," என்றார். என் இரண்டு கையையும் பார்த்தார். "பதினெட்டுக்கு இன்னும் நாள் இருக்கே?"

"குழந்தையப் பார்க்கணும்."

"தூங்கறது. கண்ல பூச்சி விழுந்துடுத்து. பச்சிலை போட்டிருக்கு, வாடிண்டு வர்றது. உங்களுக்கு யார் சொன்னா?"

"அக்கா எழுதியிருந்தா."

பெரியவர் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார். "தினம் கார்டு என் கையாலதான் போறது. என்ன எழுதியிருக்கேன்னு கேப்பேன். பசு பால் தர்றது, காவேரி நிறைஞ்சு ஓடறதுன்னு வரி வரியா அர்த்தம் சொல்லுவாளே." கோபமாகச் சொல்லவில்லை. யாரோ முதுகில் அடித்துவிட்டாற்போல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா உள்ளிருந்து வந்தார். இடுப்பில் கோதை, கையில் ஒரு பை. குழந்தையின் கண்ணில் இலையை வைத்துத் துணி கட்டியிருந்தது. அக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கடைசி கார்டுக்கு எத்தனை மார்க் போட்டே?" என்றார்.

"பத்து."

"சரி, கிளம்பு."

பெரியவர் எழுந்து வழி மறிக்கவில்லை. "அந்தப் பாலத்தத் தாண்டிப் போன குழந்தை இந்த ஆத்து வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை," என்று மட்டும் சொன்னார். மாமியார் குடையைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அந்தப் பை ஆறு நாளாகக் கட்டியபடியே கதவுக்குப் பின்னால் இருந்ததாம். இதை அந்த அம்மாளே வெகு நாள் கழித்து என் அம்மாவிடம் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா ஒன்றே ஒன்று சொன்னார். "உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமேன்னு இருந்துட்டேன்டா." அதற்கு மேல் அன்றும் பேசவில்லை, அப்புறம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை.

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்ததும் ஜன்னலை மூடச் சொன்னார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் விஷம் உள்ளே ஏறி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். உயிருக்குப் பயமில்லை, வலது கண்ணுக்கும் ஒன்றும் வராது, இடது கண் போனது போனதுதான் என்றார். "ஏன் சார், ஒரு நாலு நாள் முன்னாடி கொண்டுவரக் கூடாதா? காப்பாத்தியிருக்கலாமே," என்று என்னைக் கேட்டார். நாலு நாளைக்கு முன்னால் என்றால் இரண்டாவது கார்டு. நான் எட்டு மார்க் போட்ட கார்டு.

உறவு முழுக்க ஒரே பேச்சாகப் பேசியது. ஸ்ரீரங்கத்துப் பெரியவருடைய பிடிவாதத்தால் குழந்தையின் கண் போயிற்று என்றார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பிப் போய்ச் சேர்ந்தார். நானும் தலையை ஆட்டினேன். சில இடங்களில் நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அக்கா அருகிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம்.

அக்கா ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பவில்லை. அத்திம்பேர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவார். சண்டை ஒன்றும் இல்லை, அதற்கு மேலும் ஒன்றும் இல்லை. அக்கா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து தேறி, உறையூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தார். சாயங்காலம் எங்கள் கூடத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். தறி வீட்டுப் பெண்கள், நர்ஸ் வேலைக்குப் போக ஆசைப்பட்டவர்கள், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வந்த தாய்மார்கள். அவர்களுக்கும் தினம் ஐந்து வார்த்தைதான். விதி மட்டும் தலைகீழ். "கற்பனை வேண்டாம்மா. நடந்ததை எழுதுங்க," என்பார். நோட்டை வாங்கியதும் பென்சிலைத் தொட மாட்டார். முதலில் படிப்பார், அப்புறம் எழுதினவர் முகத்தைப் பார்ப்பார். அதற்கப்புறந்தான் திருத்தம். சிவப்புப் பென்சில் எங்கள் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்று உத்தரவு.

ஒரு பெண் ஒரு நாள், என் கையில் வளையல் இல்லை, உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். அக்கா அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவளோடு அவள் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெண் பிழைத்துக் கிடக்கிறாள். இந்த மலரை வாங்கப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி.

எனக்கும் பாடம் நிற்கவில்லை. கோதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு வாரத்தில், சாப்பிட உட்கார்ந்தால் இலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. ஐந்து வார்த்தைகள், அக்காவின் கையெழுத்து. "இனிமே நீ எழுது. நடந்தத எழுது," என்றார். அன்றிலிருந்து தினம் ஐந்து வாக்கியம் எழுதினேன். பஸ் தாமதம், அரிசியில் கல், மானேஜருக்கு மாற்றல். எல்லாம் நடந்ததுதான். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அக்காவும் கண் என்ற வார்த்தையையோ கார்டு என்ற வார்த்தையையோ கொடுக்கவே இல்லை. கொடுத்துவிடுவாரோ என்று தினம் பயந்துகொண்டேதான் காகிதத்தைப் பிரிப்பேன். பன்னிரண்டு வருஷம் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பயம் எனக்கு உண்டு.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அக்காவின் இருதயத்தைக் கெடுத்திருந்ததாம். போன வருஷம் படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள். ஏழாவது நாள் மருந்துச் சீட்டின் பின்புறம் ஐந்து வார்த்தைகள் எழுதிக் கொடுத்தார். கண், கார்டு, மார்க், தம்பி, கோதை.

"நாளைக்கு எழுதிண்டு வா," என்றார்.

எழுதிக்கொண்டு போனேன். கண் டாக்டர் நல்லவர். தபால் கார்டு விலை ஏறப்போகிறது. கோதை கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். தம்பி தினம் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். கோதை நன்றாகப் பாடுகிறாள். அக்கா காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்து மெதுவாகப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"பிழை ஒண்ணும் இல்லடா," என்றார். "ஆனா நீ ஒண்ணும் எழுதலை."

நாளைக்கு எழுதுகிறேன் அக்கா என்றேன். மறுநாள் காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து வார்த்தைகளுக்கு இன்றுதான் எழுதுகிறேன்.

ஒன்று. கோதையின் இடது கண் பெரியவரால் மட்டும் போகவில்லை. இரண்டு. கண்ணைப் பற்றி அக்கா எனக்கு ஆறு கார்டு எழுதினார். மூன்று. நான் ஆறுக்கும் மார்க் போட்டேன். நாலு. தம்பி என்று நம்பி எழுதியதைத் தம்பி படிக்கவில்லை. ஐந்து. இதைக் கோதைக்கு நான் இதுவரை சொல்லவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்காவைக் கடைசி ஒன்பது நாளும் கவனித்த டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும். காரியங்கள் நடந்த நாட்களில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட உறையூர்ப் பெண்களுக்கு. வேலையை விட்டு மகனோடு வெளியூர் போய்விட்ட டெய்சியம்மாவுக்கு, இந்த மலர் தபாலில் போகும், யாராவது அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். மழையில் குடை கொடுத்த மாமியாருக்கு. பெரியவர் காலமாகிவிட்டார். இத்தனை வருஷமாக அவர் தலையில் நாங்கள் ஏற்றி வைத்த பழியில் பெரும் பங்கை இன்று நான் இறக்கி வாங்கிக்கொள்கிறேன். அவர் குடும்பத்தார் என்னை மன்னிக்க வேண்டும்.

இதை நாளைக்கு அச்சகத்தில் கொடுக்கிறேன். நாலைந்து நாளில் ப்ரூஃப் வரும். எங்கள் வீட்டில் ப்ரூஃப் பார்ப்பது கோதை. பதினாலு வயசுதான் ஆகிறது. ஒற்றைக் கண்ணால் அவள் பிடிக்கிற பிழையை நாங்கள் யாரும் பிடிக்க மாட்டோம். தாத்தா வழியில் வந்த குணம். பேனாவை எடுத்துக்கொண்டுதான் காகிதத்தின் முன்னால் உட்காருவாள். ஆகவே இந்த மலரை முதலில் பார்க்கப்போவது அவள்தான். டிராயரின் சாவியைப் பூணூலிலிருந்து அவிழ்த்து இந்தக் காகிதங்களின் மேல் வைத்திருக்கிறேன்.

கோதை, இதில் பிழைகள் இருக்கும். திருத்துவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடம்மா.